பரமசிவம் நாணலுக்கு மாறினார்

பரமசிவம் அந்தக் காகிதக் கோப்பையை இரண்டாகக் கிழித்து, அதன் உட்புறத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க முஆத்." நகத்தோடு வந்த மெல்லிய ஜவ்வை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "வெளியில பேப்பர். உள்ள பிளாஸ்டிக்."

கேட்டரிங்காரர் முஆத் ஜவ்வைப் பார்த்தார். பிறகு பரமசிவத்தின் மனைவி கமலாவைப் பார்த்தார். கமலா மேசை விரிப்பைப் பார்த்தாள்.

"அண்ணே, சிங்கப்பூர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் இந்தக் கப்புதாண்ணே போகுது."

"எல்லாக் கல்யாணமும் பிளாஸ்டிக் இல்லாத கல்யாணமா? ஒரு துளி பிளாஸ்டிக்கூட கூடாதுன்னு என் மக சொல்லிட்டா. சொன்னா சொன்னதுதான்."

"அப்ப நானூறு பேருக்குத் தண்ணி எதுல குடுக்குறது?"

"எவர்சில்வர் டம்ளர்."

"நானூறு டம்ளரா! யாருண்ணே கழுவுறது?"

"கை இருக்குல்ல?" என்றார் பரமசிவம். தன் பட்டியலில் 'கோப்பை' என்ற வரிக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

அவர் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டு முதலாளியே நின்றாலும் வெளியே அனுப்பிவிடுவார். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் விதியை மீறுகிறாரா என்று பார்த்தே பழகிய கண். பொங்கோலில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பூக்காரரின் ஜிகினா நாரையும், அழைப்பிதழின் பளபளப்பு உறையையும், கமலா ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த தாம்பூலப் பைகளையும் அந்தக் கண் பிடித்துவிட்டது. பைகளுக்காகக் கமலா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ரக்ஷனா மெல்லத் தொண்டையைச் செருமினாள். மூன்று வாரத்தில் மணப்பெண். அப்பாவிடம் ஏதோ சொல்ல வாய் திறப்பதும் மூடுவதுமாக அரை மணி நேரமாக இருந்தாள்.

"அப்பா, லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சுப்பா."

"எது? சொல்லு, எழுதிக்கிறேன்."

"உங்க சாக்ஸபோன் ரீட். அது பிளாஸ்டிக்தானே?"

பரமசிவத்தின் பேனா நின்றது.

ரீட் என்பது சாக்ஸபோனின் வாயில் கட்டி ஊதுகிற மெல்லிய பட்டை. நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, சாக்ஸபோனுக்கு அது அப்படி. நாணலிலும் சீவுவார்கள், பிளாஸ்டிக்கிலும் வார்ப்பார்கள். பரமசிவத்தினுடையது பிளாஸ்டிக்.

"கஷ்டப்படாதீங்கப்பா," ரக்ஷனா அவசரமாகச் சொன்னாள். "நீங்க வாசிக்காட்டியும் பரவாயில்ல. ஃபோன்ல பாட்டு போட்டுக்கலாம்."

"ஆமாங்க," என்றாள் கமலா. "பொண்ணோட அப்பா, ஆயிரம் வேலை இருக்கும். நீங்க வந்தவங்கள வாங்கன்னு கேட்டாலே போதும்."

இந்தக் குடும்பத்துக்குத்தான் தன் மேல் எத்தனை அக்கறை என்று பரமசிவத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் ஊரையே சட்டம் பேசி விரட்டியவர், தனக்கென்று வரும்போது வாசிப்பையே விட்டு ஓடுவதா?

"சட்டம்னா எனக்கும் சட்டம்தான்," என்றார். "நாளைலேர்ந்து நாணல்."

முஆத்தை லிஃப்ட் வரை வழியனுப்பப் போன கமலா திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆனது. டம்ளரைப் பற்றி அதற்குப் பிறகு முஆத் ஒரு புகாரும் சொல்லவில்லை. நியாயத்தை எடுத்துச் சொன்னால் யாரும் கேட்பார்கள் என்று பரமசிவம் நினைத்துக்கொண்டார்.

*

அந்த சாக்ஸபோன் அவருக்கு வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். மணிலாவுக்குத் திரும்பிப் போன கிரேன் ஓட்டுநர் ஒருவர், பெட்டியில் இடமில்லாமல், பிரியாவிடைப் பரிசாக அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் பரமசிவம் ஷெல்டருக்குள் போய்விடுவார். போர் வந்தால் குண்டுக்கு ஒளிந்துகொள்ள அடுக்குமாடி வீடுகளில் கட்டித் தருகிற கனத்த சுவர் அறை அது. மற்ற வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் இருக்கும். இவர் வீட்டில் அவற்றோடு இவரும் இருப்பார். கமலா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பிடியையும் திருகிவிடுவாள். வெளியிலிருந்து வருகிற குண்டைத் தடுக்கும் அந்தச் சுவர், உள்ளிருந்து போகிற சத்தத்தைத் தடுக்கவில்லை.

"அங்கிள், நேத்து சாயங்காலம் கப்பல் ஹார்ன் கேட்டுச்சா?" என்று எதிர்வீட்டுச் சீன மாது ஒரு நாள் லிஃப்ட்டில் கேட்டார். "ஜொகூர் பக்கத்துலேர்ந்து வந்தமாதிரி இருந்துச்சு."

கப்பல் ஹார்னுக்கு நிகரான முழக்கம் தன் மூச்சில் இருக்கிறது என்று பரமசிவம் கமலாவிடம் பெருமையாகச் சொன்னார். கமலா "ம்" என்றாள்.

பிளாஸ்டிக் ரீட்டின் குணமே அதுதான். நனைக்க வேண்டாம், காயவைக்க வேண்டாம், இந்த ஊர் ஈரத்துக்கு வளையாது. சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டி ஊதினால் உடனே முழங்கும். மகளின் நிச்சயதார்த்தத்தன்று அதை நம்பித்தான் அவர் நூறு பேர் முன்னால் அறிவித்தார். ரக்ஷனா கைக்குழந்தையாக இருந்தபோது, தோளில் போட்டுத் தட்டியபடி அவர் முனகிய ஒரு மெட்டு உண்டு. அவரே தூக்கக் கலக்கத்தில் கட்டியது. அதைக் கல்யாண வரவேற்பில் மேடையேறி வாசிக்கப் போவதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ரக்ஷனாவும் தட்டினாள். அதற்கடுத்த வாரம் அவள் கடற்கரை துப்புரவுக்குப் போய் வந்து, கல்யாணத்தில் பிளாஸ்டிக்கே கூடாது என்று சொன்னபோது, பெற்ற வயிறு குளிர்ந்ததுபோல் முதலில் எழுந்து கை தட்டியவர் பரமசிவம்தான்.

*

முஆத் வந்துபோன மறுநாள் டன்லப் ஸ்ட்ரீட்டில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தன் சாக்ஸபோன் ஆசிரியர் மிஸ்டர் ஹோவிடம் போய் நின்றார். ராணுவ வாத்தியக் குழுவில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். நாணல் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இரண்டு வருஷமா சொல்றேன். இப்பதான் காது கேட்டுச்சா?"

"என்ன வித்தியாசம் மாஸ்டர்?"

மிஸ்டர் ஹோ ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: பிளாஸ்டிக்கை அதட்டலாம். நாணலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கண்ணாடி அலமாரியிலிருந்து பத்து ரீட் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். ரொம்ப மெல்லிசு ரகம், தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. பரமசிவம் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு நாணல் ரீட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் படுத்திருந்தது.

"மாஸ்டர், இதுல பத்து பிளாஸ்டிக் இருக்கு!"

"நுனி உடையாம இருக்க."

"நான் விட்டுட்டு வந்தது ஒரு பிளாஸ்டிக். வாங்கிட்டுப் போறது பத்தா?"

பத்து உறையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, ரீட்டுகளைக் கைக்குட்டையில் பொதிந்து, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். சிராங்கூனில் ஒரு கூட்டம் ஏறியது. வீட்டுக்கு வந்து பிரித்தபோது மூன்று நுனி உடைந்திருந்தன.

ஏழு.

ஷெல்டருக்குள் போய், ஒன்றை வாயில் வைத்து நனைத்து, மாட்டி ஊதினார். காற்றுதான் வந்தது. இன்னும் பலமாக ஊதினார். பூனை வாலை யாரோ மிதித்ததுபோல் ஒரு கிறீச். பிறகு மறுபடி காற்று.

இரும்புக் கதவு திறந்தது. கமலா தலையை நீட்டினாள்.

"என்னங்க, சத்தமே காணோம்?"

"நாணல்மா. அப்படித்தான் இருக்கும்."

"நல்ல ரீட்டுங்க," என்றாள் கமலா. அன்று அவருக்குப் பிடித்த சுறாப் புட்டு செய்தாள். மறுநாள் அதிரசம்.

நாலு நாள் ஊதியும் காற்றும் கிறீச்சும்தான். ஊதி முடித்த ரீட்டை ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று மிஸ்டர் ஹோ எச்சரித்திருந்ததால், ஏழையும் ஜன்னலோரம் வரிசையாகக் காயவைத்தார். மத்தியானம் மழை அடித்தது. இரண்டு ரீட் அப்பளம்போல் நெளிந்துவிட்டன.

ஐந்து.

ஈரத்தை இழுக்க அரிசியைவிட நல்ல பொருள் உண்டா? நனைந்த கைத்தொலைபேசியைத் தூக்கி அரிசியில் போடாதவர் யார்? ஐந்தையும் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். தினம் தோண்டி எடுத்து ஊதிவிட்டு, துடைத்துத் திரும்பப் புதைத்தார். கமலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எச்சில் என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை திலீப்பின் அப்பா சின்னத்தம்பி சாப்பிட வந்தார். சம்பந்தி என்பதற்காகக் கமலா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் செய்திருந்தாள். சின்னத்தம்பி சாப்பாட்டை ரசிக்கத் தெரிந்தவர். ஒவ்வொரு கவளத்தையும் விசாரித்துத்தான் விழுங்குவார். மூன்றாவது கவளத்தில் அவர் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். தட்டையாக, பழுப்பாக, ஒரு பக்கம் மெலிந்து, நெய் மினுமினுக்க இருந்தது.

பரமசிவம் கையிலெடுத்த கவளத்தை அப்படியே தட்டில் போட்டார்.

சின்னத்தம்பி அதை முகர்ந்தார். வாயில் வைத்தார். கண்ணை மூடிக் கடித்துச் சாறு இழுத்தார்.

"சம்பந்தியம்மா, இது என்ன பட்டை? நம்ம ஊர்ப் பட்டை மாதிரி காரமே இல்லையே. லேசா ஒரு புல் வாசனை. சிலோன் பட்டையா?"

கமலா விழித்தாள். தான் போட்டது நாலு துண்டு சாதாரணப் பட்டை என்று அவளுக்குத் தெரியும். அவள் மெல்லக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

முந்தின நாள் வரை தன் வாயில் இருந்த பொருள் இப்போது சம்பந்தி வாயில் இருக்கிறது என்பதை எந்த வார்த்தையால் சொல்வது?

"பிரான்ஸ், சம்பந்தி," என்றார் பரமசிவம். நாணல் அங்கேதான் விளைகிறது என்று பெட்டியில் போட்டிருந்தது. பொய் சொல்லவில்லை.

"பிரான்ஸ் பட்டையா! அதான் பார்த்தேன். வீட்ல இன்னும் இருக்கா?"

விருந்தாளி கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு. பரமசிவம் அரிசி டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்தார். பின்னாலேயே வந்த சின்னத்தம்பி, "அட, அரிசிக்குள்ளதான் வைக்கணுமா? வாசனை போகாம இருக்கவா?" என்றபடி தானும் கையை விட்டு இரண்டை எடுத்துக்கொண்டார்.

ஒன்று.

அவர் போனதும் கமலா இடுப்பில் கை வைத்து நின்றாள். பரமசிவம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் திட்டப் போகிறாள் என்று பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாண வேலை தொடங்கியதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

"போதுங்க," என்றாள், மூச்சு வாங்க. "இத்தோட விட்டுடுங்க. சம்பந்தி உங்க ரீட்டத் தின்னுட்டுப் போயிட்டாரு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

மறுநாள் முஆத்திடமிருந்து அழைப்பு வந்தது. "அண்ணே, மாப்பிள்ளையோட அப்பா ஃபோன் பண்ணாரு. பிரியாணியில பிரான்ஸ் பட்டைதான் போடணுமாம். தேக்கா மார்க்கெட் முழுக்கக் கேட்டுட்டேன். எல்லாரும் என்னய ஒரு மாதிரி பாக்குறாங்க."

"சாதாரணப் பட்டையே போடுங்க. அவர் கேட்டா பிரான்ஸ்னு சொல்லுங்க."

"சரிண்ணே. ஏண்ணே, நீங்க... அன்னிக்கு வாசிக்கிறீங்களா?"

"அதுல என்ன சந்தேகம்?"

மறுமுனையில் முஆத் நீளமாக மூச்சு விட்டார்.

*

புதிதாக ஒரு பெட்டி வாங்கலாம் என்று டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் போனால், மெல்லிசு ரகம் தீர்ந்துவிட்டது, வர ஒரு மாதமாகும் என்றார் மிஸ்டர் ஹோ. இருந்தது கனமான ரகம். ஊதிப் பார்த்ததில் பரமசிவத்தின் காதுதான் அடைத்தது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள். கையில் ஒரே ஒரு நாணல் ரீட்.

அன்று சாயங்காலம் ஷெல்டருக்குள் உட்கார்ந்து, அலமாரித் தட்டிலிருந்த பழைய பிளாஸ்டிக் ரீட்டைக் கையில் எடுத்தார். இதை மாட்டினால் போதும், முழங்கிவிடும். மேடையில் யார் கிட்டே வந்து பார்க்கப் போகிறார்கள்? உதட்டுக்கு அடியில் இருக்கிற பொருள்தானே? பத்து நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். பூக்காரர் முகமும், கமலா திருப்பிக் கொடுத்த தாம்பூலப் பைகளும் ஞாபகம் வந்தன. மகள் கல்யாணத்தில் திருட்டு ரீட்டா? அதை அங்கேயே வைத்தார்.

ஒற்றை நாணலை எடுத்தார். இது உடைந்தால் வேறில்லை என்பதால், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி மெதுவாக நனைத்து, மெதுவாக மாட்டி, மெதுவாக ஊதினார். அவர் வாழ்நாளில் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை.

ஒரு சுரம் வந்தது. சின்னதாக, சுத்தமாக.

பயந்துபோய் நிறுத்திவிட்டார். கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி வந்தது. பலமாக ஊதிப் பார்த்தார், கிறீச். விட்டுக்கொடுத்து ஊதினார், சுரம். கேட்டு வாங்க வேண்டும் என்று மிஸ்டர் ஹோ சொன்னது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒன்பது நாளும் அந்த இரும்புக் கதவுக்குள் அவர் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். தினம் இருபது நிமிஷம்தான். அதற்கு மேல் ஊதினால் ரீட் தளர்ந்துவிடும். வெளியே தொலைக்காட்சி ஓடுவது அவருக்குக் கேட்டது. அவர் வாசிப்பது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

*

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய மண்டபத்தில் நானூறு பேரும் வந்துவிட்டார்கள். துணித் தோரணம், வாழையிலை, எவர்சில்வர் டம்ளர்கள். எந்த மேசையில் பார்த்தாலும் ஒரே கிணுகிணுப்பு. சின்னத்தம்பி ஒவ்வொரு மேசையாகப் போய், பிரியாணியில் இருப்பது பிரான்ஸ் பட்டை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பரமசிவம் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். அவர் பெயர் இல்லை. கல்யாண அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, கேக் வெட்டி முடிந்ததும் அவரே மேடையேறினார். சாக்ஸபோன் கழுத்தில் தொங்கியது. நைலான் வாரைத் தூர எறிந்துவிட்டு, வேட்டிக் கரையைக் கிழித்துப் பின்னிய வார்.

கீழே முதல் வரிசையில் கமலா எழுந்து நின்றுவிட்டாள். "ஏங்க..." என்று அவள் உதடு அசைந்தது. பக்கத்தில் மாலையோடு நின்ற ரக்ஷனா, திலீப்பின் கையைக் கெட்டியாகப் பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எதிர்வீட்டுச் சீன மாது தன் பிள்ளையின் காதைப் பொத்தினார்.

பரமசிவம் ரீட்டை நாக்கில் ஒற்றினார். கேட்டார்.

அது கொடுத்தது.

முதல் இரண்டு சுரம் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அடுத்த வரிசை நிறுத்தியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளர் சத்தம் போடாமல் இரண்டு கையாலும் பிடித்து மேசையில் வைத்தார்கள். மெட்டு ஒன்றும் பெரிய மெட்டல்ல. ஏறி, இறங்கி, பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்க நடுவில் ஒரு இடத்தில் நின்று, மறுபடி தொடரும். அந்த இடத்தில் அவர் நின்றபோது நானூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

நாலு நிமிஷம்.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கமலா அழுதுகொண்டிருந்தாள். ரக்ஷனா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி மேடைக்கு ஓடிவந்து, சாக்ஸபோனோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"ஸாரிப்பா. ரொம்ப ஸாரிப்பா."

"எதுக்கும்மா ஸாரி? உன் சட்டத்தாலதானே நான் நாணலுக்கே வந்தேன்?" பரமசிவம் அவள் தலையைத் தடவினார். "சொல்லு, பிளாஸ்டிக் நல்லாருந்துச்சா, இது நல்லாருக்கா?"

"இதுதாம்பா," அவள் மூக்கை உறிஞ்சினாள். "சத்தியமா இதுதான்."

உறவினர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சின்னத்தம்பி தோளில் தட்டினார். மிஸ்டர் ஹோ தூரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். பரமசிவத்துக்குச் சந்தோஷத்தில் தொண்டை வறண்டது. ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனார்.

அங்கே முஆத் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டி நிறைய டம்ளர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஊறிப்போய் வெளுத்திருந்த விரல்களை உதறிவிட்டு, ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"கேட்டீங்களா முஆத்? எப்படி இருந்துச்சு?"

"அல்லாவே, என்ன இனிமைண்ணே!" என்றார் முஆத். "இத முன்னாடியே அக்காவுக்கும் பாப்பாவுக்கும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டியிருக்கக் கூடாதா? உங்கள மேடையேற விடாம பண்ணத்தானே பாவம் அவங்க இந்த பிளாஸ்டிக் சட்டத்தையே போட்டாங்க!"